சிரிப்பின் செலவு யார் கணக்கில்?

ஆயிரம் சொற்களில் ஒரு தலையங்கம் தயங்கித் தயங்கிச் சொல்வதை, நான்கைந்து கோடுகளில் ஒரு கருத்துப்படம் பட்டென்று சொல்லிவிடுகிறது. பிடிக்காத கட்டுரையை வாசகர் பாதியில் விட்டுவிடலாம். கருத்துப்படத்தை அப்படி விட முடியாது. கண் பட்ட கணத்திலேயே அது தன் வேலையை முடித்துவிடும். எழுத்து கிளப்பாத புயலைச் சித்திரம் கிளப்பிவிடுவது இதனால்தான். கடந்த பத்தாண்டுகளில் ஆஸ்திரேலியாவில் கருத்துப்படங்களை ஒட்டி எழுந்த விவாதங்கள் மனித உரிமை ஆணையம், பத்திரிகை கவுன்சில், நாடாளுமன்றம் ஆகிய மூன்று படிகளையும் ஏறியிருக்கின்றன.

அந்நாட்டில் கருத்துப்படத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1880-இல் சிட்னியில் தொடங்கப்பட்ட 'தி புல்லட்டின்' வார இதழ் அதன் நாற்றங்கால். முதல் உலகப் போரின்போது கட்டாய ராணுவ சேவைக்கு ஒப்புதல் கேட்டு, பிரதமர் பில்லி ஹியூஸ் 1916-இலும் 1917-இலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்; இருமுறையும் தோற்றார். அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர்களுள் தொழிலாளர் இயக்க ஏட்டின் ஓவியர் கிளாட் மார்க்கெட்டும் ஒருவர். 'புல்லட்டின்' ஓவியர் டேவிட் லோ, ஹியூஸை எள்ளி நகையாடிய தம் சித்திரங்களை 1918-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். பின்னாளில் லண்டனிலிருந்து ஹிட்லரையும் முசோலினியையும் வரைந்து உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

இது மரபின் பெருமைக்குரிய பக்கம். மறுபக்கமும் உண்டு. 1886-இல் அதே 'புல்லட்டின்' இதழில் பில் மே வரைந்த புகழ்பெற்ற சித்திரம், சீனக் குடியேறிகளை ஆஸ்திரேலியாவைச் சுற்றி வளைக்கும் எண்காலியாகக் காட்டியது. 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையர் அல்லாதோருக்குக் கதவை அடைத்தது. அதற்கான மனநிலையை உருவாக்கியதில் இத்தகைய சித்திரங்களுக்கும் பங்குண்டு. 1908 முதல் 'ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே' என்ற முழக்கத்தை அவ்விதழ் தன் முகப்பில் தாங்கி வந்தது. 1960-இல்தான் அது நீக்கப்பட்டது.

பிரதமரை உலுக்கிய தூரிகையும் அகதியையும் அந்நியரையும் விரட்டிய தூரிகையும் ஒரே பட்டறையில் கூர் தீட்டப்பட்டவை. இன்றைய சர்ச்சைகளின் வேர் இங்கே இருக்கிறது.

2016 ஜூலையில், வட ஆட்புலத்தின் டான் டேல் சிறார் காப்பகத்தில் சிறுவர்கள் கொடுமைப்படுத்தப்பட்ட காட்சிகளை ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. நாடு அதிர்ந்தது, அரசு விசாரணை ஆணையத்தை அறிவித்தது. அடுத்த சில நாள்களில், ஆகஸ்ட் 4 அன்று, 'தி ஆஸ்திரேலியன்' நாளேட்டில் பில் லீக்கின் கருத்துப்படம் வெளியானது. சிறுவன் ஒருவனைக் காவலர் அவன் தந்தையிடம் ஒப்படைக்கிறார். கையில் பீர் கேனுடன் நிற்கும் பூர்வகுடித் தந்தைக்கோ மகனின் பெயர்கூட நினைவில்லை. அன்று பூர்வகுடிக் குழந்தைகள் தினம் என்பது வேதனையைக் கூட்டியது.

பெற்றோரின் பொறுப்பின்மையைச் சுட்டுவதே தம் நோக்கம் என்றார் லீக். பூர்வகுடி மக்களிடையேயும் அவரை ஆதரித்தவர்கள் இருந்தனர். ஆனால், காப்பகத்தில் அரசு இழைத்த கொடுமையைப் பற்றி நாடு பேசிக்கொண்டிருந்த வேளையில், பழியைத் தந்தையர் பக்கம் அந்தச் சித்திரம் திருப்பியது என்பதே பெரும்பாலான எதிர்ப்பின் சாரம்.

விவகாரம் சட்டத்திடம் போனது. 1975-ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டத்தில் 1995-இல் சேர்க்கப்பட்ட 18சி பிரிவு, இனத்தின் பேரில் ஒருவரைப் பொதுவெளியில் புண்படுத்துவதையும் அவமதிப்பதையும் இழிவுபடுத்துவதையும் அச்சுறுத்துவதையும் தடை செய்கிறது. அடுத்து வரும் 18டி பிரிவு, நியாயமாகவும் நல்லெண்ணத்தோடும் படைக்கப்படும் கலைப்படைப்புக்கும் நேர்மையான விமர்சனத்துக்கும் விலக்கு அளிக்கிறது. மனித உரிமை ஆணையத்தில் லீக் மீது அளிக்கப்பட்ட புகார் அந்த ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2017 மார்ச்சில் லீக் காலமானார். அதே மாத இறுதியில், 18சி பிரிவின் சொற்களை மாற்ற அரசு கொண்டுவந்த திருத்தத்தை செனட் அவை நிராகரித்தது. புகார்களை விசாரிக்கும் நடைமுறை மட்டும் பின்னர் திருத்தப்பட்டது.

ஒரு கருத்துப்படம் நாடாளுமன்றம் வரை சென்றும், அது சரியா தவறா என்று எந்த மன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்புக்கு நிகரான பதில் வேறொரு பக்கமிருந்து வந்தது. பூர்வகுடித் தந்தையர் தங்கள் பிள்ளைகளோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்களைச் சமூக ஊடகங்களில் பதிவிட்டனர். பிள்ளைகள் தங்கள் தந்தையரைப் பற்றி எழுதினர். ஓர் அச்சுச் சித்திரம் உருவாக்கிய பிம்பத்தை ஆயிரக்கணக்கான குடும்பப் படங்கள் எதிர்கொண்டன. புகாரைவிடவும் அந்தப் பதில்தான் மக்கள் மனதில் தைத்தது.

2018 செப்டம்பரில் அமெரிக்க ஓபன் டென்னிஸ் இறுதிப் போட்டியில் செரீனா வில்லியம்ஸ் நடுவரோடு மோதியதை 'ஹெரால்ட் சன்' நாளேட்டில் மார்க் நைட் வரைந்தார். கருப்பின மக்களை இழிவுபடுத்திய பழைய அமெரிக்கச் சித்திரங்களின் சாயல் அதில் இருப்பதாக உலகெங்கும் கண்டனம் எழுந்தது. செரீனாவின் நடத்தையைத்தான் வரைந்தேன், நிறத்தை அல்ல என்றார் நைட். 2019 பிப்ரவரியில் பத்திரிகை கவுன்சில், சிலரை அப்படம் புண்படுத்தியதை ஒப்புக்கொண்டபோதிலும், விதிமீறல் இல்லை என்று முடிவு செய்தது.

இந்தியாவும் இந்தத் தூரிகைகளுக்குத் தப்பவில்லை. பாரீஸ் பருவநிலை உடன்பாட்டை ஒட்டி 2015 டிசம்பரில் லீக் வரைந்த படத்தில், பசியில் வாடும் இந்தியர்கள், உதவியாக வந்த சூரியத் தகடுகளை உடைத்து மாங்காய்ச் சட்னியோடு உண்ண முற்படுகின்றனர். 2020 ஆகஸ்டில் அவருடைய மகன் ஜோகன்னஸ் லீக், அதே நாளேட்டில் கமலா ஹாரிஸை வரைந்தார். 'சின்னஞ்சிறு பழுப்பு நிறச் சிறுமி'யிடம் நாட்டை ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போவதாக அதில் ஜோ பைடன் கூறுகிறார். பைடனின் சொற்களையே பகடி செய்ததாக ஆசிரியர் விளக்கினார். ஆனால், பைடன் அச்சொற்களைப் பயன்படுத்தியது, கமலாவைக் கண்டு ஊக்கம் பெறும் சிறுமிகளைக் குறித்து. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான கமலா அப்போது 55 வயதான செனட் உறுப்பினர்.

பொருளாதாரத்தில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஆலையின் லாபம் முதலாளிக்குச் செல்கிறது. அது ஆற்றில் விடும் கழிவின் செலவைக் கரையில் வாழ்பவர் ஏற்கிறார். கருத்துப்படத்துக்கும் இது பொருந்தும். பிரதமரைக் கேலி செய்தால் அதன் செலவைப் பிரதமரே ஏற்கிறார். பதில் சொல்ல அவருக்கு மேடை இருக்கிறது, ஊடகம் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. ஓர் இனத்தையே ஒரு முகத்தில் அடக்கி வரையும்போது, அந்தச் செலவு, மறுநாள் பள்ளிக்குச் செல்லும் அந்த இனத்துச் சிறுவன் தலையில் விழுகிறது. பேரத்தில் அவன் பங்கேற்கவே இல்லை.

கருத்துப்படம் சுருக்கெழுத்து போன்றது. எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களைக் கொண்டுதான் அது பேச முடியும். அந்த 'எல்லோரும்' யார் என்பதே இப்போது மாறியிருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி, ஆஸ்திரேலியர்களில் 48.2 விழுக்காட்டினருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியாவில் பிறந்தவர்கள் மட்டும் 6.7 லட்சத்துக்கும் மேல். முன்பு வரையப்படுபவர்களாக மட்டும் இருந்தவர்கள், இன்று நாளிதழைக் காசு கொடுத்து வாங்கும் வாசகர்கள். பழைய அடையாளங்களைக் கண்டு அவர்கள் முகம் சுளிப்பதை, நகைச்சுவை உணர்வு குறைந்துவிட்டதாகக் கருதுவது சரியாகாது.

அதற்காக, புண்பட்டோர் அனைவரும் ஓவியரின் கையைப் பிடிக்கலாம் என்றால், முதலில் வந்து பிடிப்பவர் அதிகாரத்தில் இருப்பவராகத்தான் இருப்பார். புண்படுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பேச்சுரிமைக்கு வெளிப்படையான உத்தரவாதம் ஆஸ்திரேலிய அரசமைப்பில் இல்லை. அரசியல் கருத்துப் பரிமாற்றச் சுதந்திரம் அதில் உள்ளுறையாக இருப்பதாக 1992-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கூறிய தீர்ப்புகளே அரண். மேலும், கட்டுப்பாடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. கட்டாயத் தடுப்பூசியை எதிர்த்து, தியானன்மென் சதுக்கத்தில் பீரங்கி வண்டியை மறித்த மனிதரின் படிமத்தைக் கையாண்டு மைக்கேல் லூனிக் 2021-இல் வரைந்தார். அதை 'தி ஏஜ்' நாளேடு வெளியிடவில்லை. தலையங்கப் பக்கத்தில் அவருக்கு இருந்த திங்கள்கிழமை இடமும் பறிபோனது. அந்த ஒப்புமை மிகையானது என்பது என் கருத்து. ஆயினும், மிகையைக் குற்றமாக்கினால் கருத்துப்படமே எஞ்சாது.

ஆக, சட்டத்தின் வாசல் குறுகலாகவும், மறுமொழியின் வாசல் அகலமாகவும் இருப்பதே நல்லது. பத்திரிகை கவுன்சிலுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. தன் முடிவை அந்த ஏட்டிலேயே வெளியிடச் செய்வதுதான் அதன் வலிமை. அதைவிட வலிமையான திருத்தம் ஆசிரியர் குழுவின் அறைக்குள் நிகழ முடியும். பூர்வகுடியினரும் குடியேறிகளும் வரையும் இடத்திலும் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் அமர்ந்திருந்தால், இந்தச் சித்திரம் யாரைக் குத்துகிறது என்ற கேள்வி அச்சேறும் முன்பே எழும்.

அரியணையை நோக்கி நீளும் தூரிகையை எந்தச் சட்டமும் தடுக்கக் கூடாது. அதே தூரிகை எளியவரை நோக்கித் திரும்பும்போது, வரைவதற்கு உரிமை இருக்கிறதா என்று ஓவியர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் மட்டும் போதாது. சிரிப்பின் செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்று ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.