உணவை மறுக்கும் நோயும் 18-ஆம் பிறந்த நாளும்

பசியில்லாமல் உண்ணாதிருப்பது ஒன்று. பசி இருந்தும் உண்ண அஞ்சுவது வேறொன்று. பின்னதை ஒரு தனி நோயென்று மருத்துவ உலகம் ஏற்று ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. 1873-ஆம் ஆண்டில் பாரிஸில் லாசேக் என்பவரும் லண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இதனை விவரித்தனர். கல் சூட்டிய ‘அனோரெக்ஸியா நெர்வோஸா’ என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது. நரம்புக் கோளாறால் வந்த பசியின்மை என்பது அதன் பொருள். பொருத்தமான பெயரன்று, நோயாளிக்குப் பசி இல்லாமலில்லை.

‘வெறும் பிடிவாதம், அதட்டினால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் ஒரு சோதனையைப் பற்றி அறிதல் நலம். 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரை வயிற்று உணவே அளித்தார். உடலும் உள்ளமும் நலமாயிருந்தவர்கள் அவர்கள். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தபோது அவர்களின் நடத்தையே மாறிற்று. எந்நேரமும் உணவு நினைவு, சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது, ஒரு வேளை உணவை நெடுநேரம் அளைந்து அளைந்து உண்பது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, சோர்வு, எரிச்சல். பட்டினியே மனத்தைத் திரித்துவிடும் என்பது இதனால் விளங்கிற்று. ஆகவே, மெலிந்து போன ஒரு பெண்ணிடமோ பையனிடமோ ‘உன் நன்மையை நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்வது, காய்ச்சலில் பிதற்றுபவனிடம் கணக்குக் கேட்பது போன்றதே.

இதனை நன்கு உணர்ந்து செயற்பட்டது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை. நோய்க்குக் காரணம் பெற்றோரே என்று பழி கூறி அவர்களை விலக்கி வைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, பெற்றோரையே மருத்துவத்தின் கைகளாக்கினர் அங்குள்ளோர். எவ்வளவு உண்பது என்பதைச் சிறிது காலத்திற்குத் தாய் தந்தையர் தீர்மானிப்பர். உடல் தேறத் தேற அப்பொறுப்பு பிள்ளையிடம் படிப்படியாகத் திரும்பும். ஜெரால்ட் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், 18 வயதிற்குள் நோய் கண்டு மூன்று ஆண்டுகள் கடவாதவர்களுக்கு இம்முறை தனிப்பட்ட சிகிச்சையைவிட மேலான பயன் தந்தது. காலம் கடந்தால் நோய் வேரூன்றும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

இடையில் வந்து நிற்கிறது 18-ஆம் பிறந்த நாள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் சிறார் மனநலப் பிரிவு பெரும்பாலும் அந்த வயதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பெரியோர் பிரிவு. மருத்துவர் வேறு, கட்டடம் வேறு, முறையும் வேறு. நேற்றுவரை குடும்பத்தையே கூட்டி வைத்துப் பேசினார்கள். இன்று தாய் தொலைபேசியில் அழைத்தால், ‘உங்கள் மகளின் சம்மதமின்றி எதையும் சொல்வதற்கில்லை’ என்பது பதிலாகிறது. தனி மனிதனின் உரிமையைக் காக்கும் நல்ல விதிதான் அது. ஆயினும் நோய் ஒருவரின் பிறந்த நாளைப் பார்த்து விலகுவதில்லை. நோயைப் பிறரிடமிருந்து மறைப்பதும் அந்நோயின் குணங்களுள் ஒன்று.

இந்தக் கைமாற்றம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஸ்வரண் சிங் என்னும் மனநல மருத்துவரின் குழு லண்டனிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டது. பலவகை மனநோயுடன் வயது எல்லையைக் கடந்த 154 பேரில் 90 பேரே பெரியோர் பிரிவைச் சேர்ந்தனர். அவ்வாறு சேர்ந்தவர்களிலும், முறைப்படி கலந்து பேசி, குறிப்புகளைக் கைமாற்றி, தொடர்பு அறாமல் ஒப்படைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு.

உணவு நோயில் மற்றொரு சிக்கலும் உண்டு. அதே வயதில்தான் மாணவர்கள் வீட்டை விட்டுத் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்திற்குச் செல்கின்றனர். உடன் உண்பார் இல்லை. தட்டைப் பார்ப்பார் இல்லை. 2012-இல், மருத்துவமனையில் நெடுநாள் இருந்து தேறிய 19 வயது மாணவி ஒருத்தி, இலையுதிர் காலத்தில் வேறோர் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்து டிசம்பரில் இறந்தாள். அந்த மரணம் தவிர்த்திருக்கக் கூடியதே என்று நாடாளுமன்ற, சுகாதாரக் குறைகேள் அதிகாரி 2017 டிசம்பரில் அறிக்கை தந்தார். அவள் மாறியது பெரியோர் பிரிவுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு. ஆனால் விழுந்த பள்ளம் ஒன்றேதான்.

பரிகாரம் என்ன? பிரிட்டனின் ‘நைஸ்’ என்னும் மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2016-இல் வகுத்த விதிகளின்படி, 13, 14 வயதிலேயே மாற்றத்தைப் பற்றித் திட்டமிடத் தொடங்க வேண்டும். ஒப்படைப்புக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஆறு மாதம் பெயர் குறித்த ஓர் ஊழியர் துணை நிற்க வேண்டும். புதிய மருத்துவரை முன்னதாகவே சந்திக்க வேண்டும். எடைக் கணக்கு ஒன்றையே வைத்துச் சிகிச்சையை மறுக்கலாகாது என்று 2017-இல் அந்நிறுவனம் மேலும் கூறிற்று. ‘இன்னும் போதிய அளவு மெலியவில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதை கொடியது. இன்னும் மெலிய வேண்டும் என்றே அப்பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும்.

தென் லண்டனில் மாட்ஸ்லியைச் சார்ந்தோர் தொடங்கிய ‘ஃபிரீட்’ திட்டம் வேறு வழியில் சென்றது. 18 என்ற கோட்டையே அது பொருட்படுத்துவதில்லை. 16 முதல் 25 வயதுவரை, நோய் கண்டு மூன்றாண்டுக்கு உட்பட்டோரை அது ஏற்கிறது. 48 மணி நேரத்திற்குள் தொலைபேசியில் பேசி, நான்கு வாரத்திற்குள் சிகிச்சை தொடங்குவது அதன் இலக்கு. பிற பகுதிகளுக்கும் அது பரவியிருக்கிறது.

வீட்டாருக்கும் வேலை உண்டு. பிள்ளை நலமாயிருக்கும் 17 வயதிலேயே, தாய் தந்தையரிடம் எவற்றைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லலாகாது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்கின்றனர் அனுபவமுள்ள மருத்துவர்கள். எடை எந்த அளவுக்கு இறங்கினால் யாரை அழைப்பது, கல்லூரி ஊரில் வாரந்தோறும் எடையும் இரத்தமும் பார்ப்பது எந்த மருத்துவர், விடுமுறைக்கு வீடு வந்தால் அப்பொறுப்பு யாருடையது என்பனவும் அந்தத் தாளில் இடம்பெறும். அதன் ஒரு படி பிள்ளையிடமும், ஒரு படி வீட்டிலும், ஒரு படி புதிய மருத்துவரிடமும் இருக்கும்.