மாதிரிப் போர் விமானம் பறப்பது எப்படி?

1936ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், ஸ்பிட்ஃபயர் என்னும் போர் விமானம் பிரிட்டனில் முதன்முதலாகப் பறந்தது. அதனை வடிவமைத்தவர் ஆர். ஜே. மிட்செல். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற அவ்விமானத்தை, ஆர்வலர்கள் இன்றும் சிறிய அளவில் செய்து, தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் இயக்கி மகிழ்கின்றனர்.

இத்தகைய மாதிரிகள் எடை குறைந்த பால்சா மரத்தாலோ நுரைப்பலகையாலோ செய்யப்படுகின்றன. மூக்குப் பகுதியில் மோட்டாரும் சுழல்விசிறியும் இருக்கும். உடற்பகுதிக்குள் மின்கலமும் அலைவாங்கியும் பொருத்தப்படும். கையிலுள்ள கருவி அனுப்பும் வானொலி அலைகளை அலைவாங்கி பெற்று, 'சர்வோ' எனப்படும் சிறு மோட்டார்களை இயக்கும். அவை இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும். இறக்கை மடல்கள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலின் கிடைமட்ட மடல் மூக்கை உயர்த்தும் அல்லது தாழ்த்தும்; செங்குத்து மடல் மூக்கை இடப்புறமோ வலப்புறமோ திருப்பும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தாலும், விமானம் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து நொறுங்கக்கூடும். ஏன்? ஈர்ப்பு மையம் தவறான இடத்தில் இருப்பதே பெரும்பாலும் காரணம். இறக்கை அகலத்தில், முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான தொலைவில் அம்மையம் அமைய வேண்டும். அந்த இடத்தில் இரு விரல்நுனிகளால் தாங்கிப் பிடித்தால், விமானம் சாயாமல் நிற்க வேண்டும். வால் கனத்தால் மூக்கு மேலெழும்பும், வேகம் குறையும், கட்டுப்பாடு கைநழுவும். ஸ்பிட்ஃபயர் மாதிரியின் மூக்கு குட்டையானது. ஆதலால், அதனுள் ஈயத்துண்டுகளை வைக்க நேரிடுவதுண்டு. பாடுபட்டு எடையைக் குறைத்தவருக்கு மீண்டும் எடை சேர்க்க மனம் வராது. ஆயினும், சமநிலை இல்லாத இலேசான விமானத்தைவிடச் சமநிலையுள்ள கனமான விமானமே பாதுகாப்பாகப் பறக்கும்.

பறக்கவிடுவதற்கும் பயிற்சி தேவை. விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் இடப்புறம் நமக்கு வலப்புறமாகத் தெரியும். அந்தக் குழப்பத்தில் கோலைத் தவறான பக்கம் தள்ளுவோர் பலர். தரையிறக்கும்போது வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் இறக்கை தாங்குவிசையை இழந்துவிடும். எனவே, காற்று வீசும் திசையை எதிர்நோக்கி, போதிய வேகத்துடன் இறக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள மாதிரி விமானங்களைப் பதிவுசெய்த பின்னரே பறக்கவிட வேண்டும். சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கலாம். விழும் விமானம் பிறரைக் காயப்படுத்தலாம். ஆகவே, ஒவ்வொரு முறையும் மின்கலத்தையும் மடல்களையும் சமநிலையையும் சோதித்த பிறகே விமானத்தைப் பறக்கவிடுதல் வேண்டும்.