பார்ட்ஸ் மாத்தினா மெஷின் உங்களோடது ஆயிடுமா?

அச்சு மெஷினோ ஜெராக்ஸ் மெஷினோ, உள்ளே நடக்கிற கஷ்டமான வேலை ஒண்ணுதான்: மெல்லிசான தாளைக் கிழியாம, நழுவாம, சரியான நேரத்துல நகர்த்தணும். அந்த வேலையை ரெண்டு கம்பெனி ரெண்டு விதமா செஞ்சா, அது காப்பியா இல்லையா?

இதுக்கு ஒரு நல்ல உதாரணம், காகிதப் பை மெஷின் பத்தி 1908-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கு. ஈஸ்டர்ன் பேப்பர் பேக் கம்பெனிகிட்ட லிட்டெல் என்பவரோட காப்புரிமை இருந்தது. எதிர்த்தரப்பு, கான்டினென்டல் பேப்பர் பேக்.

லிட்டெல் மெஷின்ல, தட்டையான காகிதக் குழாய் ஒண்ணு சுழலுற உருளை மேல வரும். உருளையில இருக்கிற விரல்கள் பக்கங்களை மடிக்கும். மேலே ஒரு தகடு. தன் பின் விளிம்பை ஊன்றிக்கிட்டு அது கதவு மாதிரி எழும்பும். கூடவே நகர்ற ஒரு விரல் மேல் தாளைத் தூக்கும். குழாயோட வாய் திறந்து, பையின் அடிப்பக்கம் உருவாகும். இவ்வளவும் உருளை சுத்திக்கிட்டிருக்கும்போதே.

கான்டினென்டல் சொன்னது: தகட்டை அசைக்க நீங்க விவரிச்ச அமைப்பு வேற, எங்க அமைப்பு வேற. நம்ம பாஷையில, ஃபங்ஷன் அதேதான், கோட் வேற.

கோர்ட் ஒத்துக்கல. பாகம் மாறினாலும் அதுக்குச் சமமான ஒண்ணு அதே வேலையைச் செஞ்சா அத்துமீறல்தான். இந்தப் பாதுகாப்பு முன்னோடிக் கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் இல்ல, சின்ன மேம்பாட்டுக்கும் உண்டு. எவ்வளவு அகலம்னு கண்டுபிடிப்போட அளவு முடிவு பண்ணும். 1950-ல கிரேவர் டேங்க் வழக்கு இதையே மூணு கேள்வியா எடுத்துச் சொன்னது: வேலை ஒண்ணா? செய்ற விதம் ஒண்ணா? விளைவு ஒண்ணா?

இன்னொரு விஷயம். ஈஸ்டர்ன் அந்த மெஷினைப் பயன்படுத்தவே இல்ல. சும்மா வெச்சிருந்தாங்க. ஆனாலும் கான்டினென்டலுக்குத் தடை விழுந்தது. அத்துமீறல் நிரூபணமானாலும் தடை தானா வராதுன்னு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தினது 2006-ல, இபே வழக்குல.

அதனால காப்புரிமை ஆவணத்தைத் திறந்தா, படத்தைப் பார்த்து நம்மளோடது வேற மாதிரி இருக்குன்னு நிம்மதியாகாதீங்க. உரிமைக்கோரல் பகுதியை வரிவரியா படிங்க. ஒவ்வொரு வரிக்கும் உங்க மெஷின்ல எது பதில் சொல்லுதுன்னு எழுதிப் பாருங்க. ஒரு வரிக்காவது உண்மையிலேயே பதில் இல்லைன்னா, பேச இடம் இருக்கு.