சின்னக் கார் பந்தயக் கார் ஆகும் கதை

பெங்களூரில் இருந்து கோவைக்குப் போக, சேலம் வழி ஒன்று உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி, சத்தியமங்கலம் என்று காடும் மலையும் கடந்து போகும் வழி அது.

கொள்ளேகால் என்றதும் பெண்களுக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். பக்தர்களுக்கு மாதேஸ்வரன் மலை நினைவுக்கு வரும். தமிழர்களுக்கு வேறு ஒரு நினைவும் உண்டு. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால் தாலுகா, சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997-ம் ஆண்டில் சாம்ராஜ்நகர் தனி மாவட்டம் ஆனபோது அதனுடன் இணைந்தது.

இந்தச் சாலைக்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு பெருமையும் இருக்கிறது. இந்தியாவின் சின்னப் பந்தயக் கார்களின் வரலாறு இதன் இரண்டு முனைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது.

பெங்களூரின் டால்பின்

ஒரு முனை பெங்களூர். இங்கே சிபானி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் "டால்பின்" என்ற காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் என்ற காரின் வழியில் வந்தது அது. உடல் முழுவதும் பைபர் கிளாஸ். 848 சி.சி. அலுமினிய என்ஜின். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கதவுகள்.

குடும்பத்தோடு கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கார் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி வந்த பிறகு அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவும் ஆள் குறைந்தது. ஆனால் பந்தயக்காரர்களின் கணக்கு வேறு. இரும்பு உடல் இல்லாததால் கார் லேசாக இருந்தது. என்ஜினும் லேசு. பின் சக்கரங்கள் இழுவை கொடுத்தன. வீட்டுக்காரர்கள் கைவிட்ட காரை ராலி ஓட்டுகிறவர்கள் தேடிப் பிடித்து வாங்கினார்கள்.

கோவையின் கரிவரதன்

மறுமுனை கோவை. அங்கே ஆலைத் தொழில் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் எஸ்.கரிவரதன். தானே பந்தயம் ஓட்டியவர். ஓட்டியதோடு நிற்காமல், பந்தயக் காரை இங்கேயே செய்தால் என்ன என்று கேட்டவர்.

அந்த நாளில் பந்தயக் கார் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். அதை வரவழைக்க ராஜா வீட்டுப் பிள்ளையாகவோ, பெரிய தொழிலதிபராகவோ இருக்க வேண்டும். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் "பார்முலா மாருதி" என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். அதன் உயிர்நாடி, தெருவில் ஓடும் மாருதி 800 காரின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின்தான். கடைவீதியில் கிடைக்கும் உதிரிப் பாகம். பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்குப் பழகிய என்ஜின். எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். அப்படியானால் வெற்றியைத் தீர்மானிப்பது ஓட்டுகிறவரின் திறமையும், காரைத் தயார் செய்கிறவரின் கவனமும்தான்.

அந்தக் காரில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ம் ஆண்டில் பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக்கும் அதே வகைக் காரில் தொடங்கி 2010-ல் பார்முலா 1-ஐ எட்டினார். இந்த இரண்டையும் பார்க்கக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ம் ஆண்டில் வான் விபத்து ஒன்றில் அவர் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத் தளம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 747 சி.சி. ஆஸ்டின் 7 என்ற ஏழை வீட்டுக் காரைப் பிரித்து மேய்ந்து பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள், 1939-ல் "750 மோட்டார் கிளப்" என்ற சங்கம் கண்டார்கள். பின்னாளில் லோட்டஸ் கார்களால் உலகப் புகழ் பெற்ற காலின் சாப்மன், தன் முதல் காரை 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் 7-ல் இருந்துதான் உருவாக்கினார்.

முதல் வேலை, கழற்றுவது!

சின்னக் காரை எப்படிப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறார்கள்?

முதலில் எதையும் மாட்டுவதில்லை. கழற்றுகிறார்கள். பின் இருக்கை, தரை விரிப்பு, கதவின் உள் அட்டை, ரேடியோ எல்லாம் வெளியே போகும். மாருதி 800 காரின் பழைய என்ஜின் 40 குதிரைத் திறனைக்கூட எட்டாதது. அதன் திறனை இன்னும் ஐந்து கூட்டுவதற்குப் பணமும் காலமும் வேண்டும். காரில் ஐம்பது கிலோவைக் குறைக்க ஸ்பானரும் பொறுமையும் போதும். எடை குறைந்தால் கார் சீக்கிரம் வேகம் பிடிக்கும், சீக்கிரம் நிற்கும், டயரும் குறைவாகத் தேயும்.

பிறகு என்ஜின். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். ஒன்று கனமாகவும் மற்றொன்று லேசாகவும் இருந்தால் வேகத்தில் என்ஜின் அதிரும். கனமானதைச் சிறிது தேய்த்து எல்லாவற்றையும் ஒரே எடைக்குக் கொண்டு வருவார்கள். வால்வுகளைக் கிரைண்டிங் செய்து, டாப்பெட் இடைவெளியைச் சரி பார்ப்பார்கள். பந்தய விதிகள் எந்த அளவுக்கு அனுமதிக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் இந்த வேலைகள். சில பிரிவுகளில் என்ஜினுக்கு முத்திரை வைத்து விடுவார்கள். கை வைக்கவே முடியாது.

கார்புரேட்டர் சரியாக இருக்கிறதா என்பதைப் பிளக் சொல்லிவிடும். கழற்றிப் பார்த்தால் நுனி கரிப்பிடித்து இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிறி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகக்கூடும். இளம் பழுப்பு நிறம் இருந்தால் நிம்மதி.

பலர் மறந்துவிடும் ஒரு விஷயம், ஆயில். பந்தயத்தில் வளைவில் திரும்பும்போது, என்ஜினின் அடியில் உள்ள ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் பேரிங் தேய்ந்து என்ஜின் பாழாகும். இதைத் தடுக்க ஆயில் சம்ப்புக்குள் தகடுகள் வைத்துத் தடுப்புக் கட்டுகிறார்கள். சின்ன வேலை. ஆனால் அது இல்லாமல் எத்தனையோ நல்ல என்ஜின்கள் பாதிப் பந்தயத்திலேயே உயிரை விட்டிருக்கின்றன.

நிற்கத் தெரிந்த காரே ஓடலாம்

வேகமாக ஓடுவதைவிட, நினைத்த இடத்தில் வேகத்தைக் குறைப்பதுதான் பெரிய காரியம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பந்தயத்தில் பிரேக் நெருப்பாகச் சூடாகும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிதாக நிரப்பி, காற்று எடுத்துவிடுகிறார்கள்.

டயரில் காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக வைத்துத் தொடங்குவார்கள். நாலு சுற்று ஓடினால் சூட்டில் அழுத்தம் தானே ஏறும். கார் திரும்பி வந்ததும் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் சூடு பார்ப்பார்கள். நடுப்பகுதி அதிகம் சுட்டால் காற்று அதிகம். இரு ஓரங்களும் சுட்டால் காற்று குறைவு.

சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க விலையுயர்ந்த எந்திரம் இல்லாதவர்கள், காரின் இருபுறமும் நூல் கட்டி, அளவுகோல் பிடித்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். இது கொள்ளேகால் நெசவாளருக்கு உடனே புரியும் வேலை. பாவில் ஓர் இழை பிசகினால் சேலை முழுவதும் அது கோடாகத் தெரியும் அல்லவா? முன் சக்கரம் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் அப்படித்தான். அது வளைவுக்கு வளைவு தெரியும்.

உயிர் காக்கும் கம்பி

வேகத்துக்கான வேலைகளைவிட உயிருக்கான வேலைகள் அதிகம். கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க உள்ளே எஃகுக் குழாய்க் கூண்டு வைக்க வேண்டும். உடம்பை இருக்கையோடு பிணைக்கும் பட்டை வேண்டும். தீயணைக்கும் கருவி, வெளியில் இருந்தே மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச், தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். ஆயில் வடிக்கும் போல்ட்டில் துளையிட்டு மெல்லிய கம்பி கட்டுகிறார்கள். அது கழன்று தளத்தில் ஆயில் சிந்தினால், வழுக்கி உயிரை விடப்போவது பின்னால் வரும் மற்றவர்தானே!

ஒவ்வொரு நட்டையும் டார்க் ரென்ச் கொண்டு அளவாக முடுக்கி, அதன் மேல் பெயின்டால் ஒரு கோடு போடுவார்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பந்தயத்தன்று அதிகாரிகள் இவற்றை எல்லாம் சோதிப்பார்கள். ஒன்று குறைந்தாலும் கார் தளத்தில் இறங்க முடியாது. பந்தயம் முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. காரைக் கழுவ வேண்டும். அழகுக்காகக் கழுவுவதில்லை. சேறும் எண்ணெயும் போன பிறகுதான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். கண்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். அடுத்த பந்தயத்துக்கு அந்த நோட்டுதான் வாத்தியார்.

பந்தயத்துக்கு என்று ஓர் இடம்

ஒரு காலத்தில் பந்தயம் என்றால் சென்னையை அடுத்த சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திப் பெயர் பெற்றது. பிறகு அந்தக் கிளப்பே ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தளம் அமைத்தது. 1990-ம் ஆண்டு முதல் அங்கே பந்தயம் நடக்கிறது. அதற்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு செட்டிபாளையம் தளம் வந்தது. பெங்களூர் இளைஞருக்கு இரண்டுமே ஒரு நாள் பயணத் தூரம்தான்.

இப்படி இடம் இருந்தும், சாலையையே பந்தயத் தளமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கனகபுரா தாண்டியதும் ஆக்சிலேட்டரை அழுத்தி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் நேரம் குறித்துப் பெருமை பேசுகிறார்கள். அந்தச் சாலையில் கூண்டு இல்லை, கொடி அசைத்து எச்சரிக்க ஆள் இல்லை, ஆம்புலன்ஸ் காத்திருக்கவில்லை. எதிரே கரும்பு லாரி வரும். காட்டுக்குள் யானை குறுக்கிடும். கொள்ளேகால் வழியே மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியற்காலை இருட்டில் சாலை ஓரம் நடந்து வருவார்கள். அவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது.

காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்களில் பலர் சாலையில் நிதானமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஒரு போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரேக் பெடல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

மகன் கார்ப் பந்தயம் என்று ஆசைப்பட்டால் பெற்றோர் பயப்படுவது இயற்கை. அவனை முதலில் ஒரு பட்டறையில் சேர்த்து, பிரேக் ஆயில் மாற்றக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம். அதில் பொறுமை வந்துவிட்டால், பிறகு அவனைத் தளத்துக்கு அனுப்பலாம். அவன் ஓட்டும் கார் கொள்ளேகால் வழியாகக் கோவைக்குப் போகட்டும், டிரெய்லரில் ஏறி!