தானே அணையும் யந்திரம்

வீட்டுக் கம்ப்யூட்டர் யாரும் கட்டளையிடாமலே திடீரென்று அணைந்துபோனால், வைரஸ் புகுந்துவிட்டதென்று சந்தேகிப்பதும், விண்டோஸை அழித்துப் புதிதாகப் பதிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லும் யோசனைக்குத் தலையசைப்பதும் நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டன. மென்பொருளின் கோளாறோ பெரும்பாலும் நீலத்திரையைக் காட்டி யந்திரத்தை மறுபடி துவக்கும். அவ்வித முன்னறிவிப்பு ஏதுமின்றி, விளக்கும் விசிறியும் ஒருங்கே நின்று எல்லாம் இருண்டுவிடுமானால், மின்சாரத்தை யாரோ துண்டித்திருக்கிறார்கள் என்றுதான் கொள்ளவேண்டும்; அந்த யாரோ பல சமயங்களில் யந்திரமேதான்.

பிராசசருக்குள்ளேயே உஷ்ணத்தை அளக்கும் உணரி பதிக்கப்பட்டிருக்கிறது. உஷ்ணம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய எல்லையை நெருங்கியதும் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காமல் சூடு மேலேறினால், மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பி மின்சாரத்தையே நிறுத்தச் செய்துவிடும். இந்த ஆத்மரட்சணை எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. 2001-ல் வெளியாகிப் பிரசித்தி பெற்ற ஒரு பரீட்சையில், ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் மேலிருந்து, சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க்கை அகற்றியபோது, இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைத் தளர்த்திக்கொண்டு பிழைத்தது. ஏஎம்டியின் அத்லானோ சில நொடிகளில் புகைந்து கருகிற்று.

ஆகவே, விளையாட்டோ வீடியோ தொகுப்போ நடக்கும்போது சில நிமிஷங்களில் அணைந்து, ஆறவிட்ட பின் ஒழுங்காக ஓடி, சூடேறியதும் மறுபடி அணையும் யந்திரத்தில் முதற்குற்றவாளி உஷ்ணமே என்று அனுமானிக்கலாம். விசிறியைக் கழற்றினாலொழிய கண்ணுக்குப் புலப்படாத தூசிப்படலம் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே கம்பளம்போல் அடைந்திருக்கும். காற்றடித்து அதை நீக்கும்போது விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்வது நலம். வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளுக்கு நடுவே எஞ்சும் நுண்ணிய காற்றிடைவெளிகளை நிரப்புவதற்கே தெர்மல் பேஸ்ட் பூசப்படுவதால், அது உலர்ந்து வெடித்திருந்தால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைச் சிறிதளவே இடவேண்டும். அதிகம் இடுவதால் பிரயோஜனமில்லை.

குளிர்ந்த நிலையிலும் அணையுமானால் சந்தேகம், யந்திரத்துக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் திரும்புகிறது. 12 வோல்ட் வழங்கவேண்டிய இணைப்பில் 5 சதவீத ஏற்ற இறக்கமே அனுமதி, அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்கவேண்டும். மூப்படைந்த எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு ஒரு கணம் அதிகமாக இழுக்கும்போது இந்த எல்லையைக் காக்க முடியாமல் சரணடைந்துவிடும். வெளிமின்சாரம் தடைப்பட்டால் முழுச்சுமையில் அது தாங்குவதும் சுமார் 16 மில்லிநொடிதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றோ 20 மில்லிநொடி; ஒரு சுற்று தவறினாலே யந்திரம் அணைந்துவிடக்கூடும். பேட்டரி செத்த யூபிஎஸ் இந்த இடைவெளியை நிரப்பாது. எனவே யூபிஎஸ்ஸை விலக்கிக் கம்ப்யூட்டரைச் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகிப் பார்ப்பதும், அதன்பின் நண்பரிடம் இரவல் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதும் சிக்கனமான பரீட்சைகள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதென்று தீர்ப்பளிப்போர் உண்டு. முந்தைய முறை யந்திரம் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. 1074 என்ற பதிவு இருந்தாலோ, ஏதோ ஒரு நிரலோ அப்டேட்டோ முறைப்படி கட்டளையிட்டே அணைத்திருக்கிறது. அதற்காகக் கேபினட்டைத் திறக்கவேண்டிய அவசியமில்லை.

செலவேயில்லாத காரணம் ஒன்றும் உண்டு. பவர் பொத்தானைத் தொடர்ந்து 4 நொடி அழுத்தினால் யந்திரம் கட்டாயமாக அணையும் என்பது அமைப்பு. பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தால், போட்ட சில நொடிகளிலேயே ஒவ்வொரு தடவையும் அணையும். பொத்தானின் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, அது செருகியிருந்த இரு முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் தொட்டு இயக்கிப் பார்த்தால் வழக்குத் தீர்ந்துவிடும்.