பெண்கள் வார இதழை எப்படி வாசிப்பது?

தோட்டத்தால் களைத்து வந்த ஆண் திண்ணையில் இருந்து பத்திரிகையை விரித்தால், அவர் நாட்டு நடப்பு அறிகிறார் என்கிறோம். அதே நேரத்தில் அவருடைய மனைவி ஒரு வார இதழைப் புரட்டினால், "கதைப் புத்தகத்தோடு இருந்துவிட்டாள், இனி அடுப்பு எரிந்த மாதிரித்தான்" என்கிறோம். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால் விடை சொல்ல ஒருவரும் இல்லை. பத்திரிகையிலும் வீண்பேச்சு உண்டு. வார இதழிலும் பயனுள்ள செய்தி உண்டு. எதை எப்படி எடுப்பது என்பதே கேள்வி.

எமது கிராமங்களுக்கு வந்த பெண்கள் இதழ்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. 1962 இல் சென்னையில் தொடங்கிய 'ராணி', அதற்குப் பிந்திய 'தேவி' ஆகியவை குறைந்த விலை, எளிய தமிழ், சின்னச் சின்ன வாக்கியம் என்ற வழியில் வந்தன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவரும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்கு அவை அருமையாகின. 1977 இன் பின் மீண்டும் தாராளமாக வந்தன. 1990 இற்குப் பின் வடக்கில் பொருளாதாரத் தடை இறுகியது. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. வார இதழைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! பழைய பிரதிகள் வீடு வீடாகக் கைமாறின. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வாசித்தார்கள். கடைசியில் தாள் கடைக்குப் போய்ச் சீனிச் சரையாகத் திரும்பி வரும். அந்தச் சரையையும் பிரித்து, நீவி, தலையும் வாலுமில்லாத கதைத்துண்டை வாசித்த தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். வாசிப்புப் பசி என்றால் அதுதான்.

இனி இதழைத் திறப்போம். சமையற் பக்கத்தில் தொடங்குவது நல்லது. ஏனெனில் அங்கேதான் வாசிப்பவரின் அறிவு எழுதியவரின் அறிவோடு நேருக்கு நேர் நிற்கிறது. அந்தப் பக்கம் சென்னை நகரத்துச் சமையலறையை நினைத்து எழுதப்பட்டது. சொற்களும் வேறு. கேழ்வரகு என்று இருந்தால் அது எங்கள் குரக்கன். மிளகாய் வற்றல் என்பது செத்தல் மிளகாய். நிலக்கடலை கச்சான்; பப்பாளி பப்பாசி; சர்க்கரைவள்ளிக் கிழங்கு வத்தாளங்கிழங்கு. பெயர் விளங்காததால் "இது எங்களுக்கு உரியதல்ல" என்று புரட்டிவிட்ட பக்கத்தில், வீட்டு வேலியோரத்தில் நிற்கும் பொருளே சொல்லப்பட்டிருக்கும். கரட்டும் போஞ்சியும் கேட்கிறார்களா? முருங்கை இலையையோ பொன்னாங்காணியையோ போட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் இரத்தத்துக்கும் அவை கரட்டுக்குக் குறைந்தவையல்ல. அளவும் அப்படியே. கிராமில் சொல்லியிருந்தால், உங்கள் சுண்டு அந்தந்தப் பொருளில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று சங்கக் கடைத் தராசில் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். பிறகு எந்தக் குறிப்பையும் சுண்டுக் கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

குரக்கனைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். நிவாரண அரிசியும் மாவும் வந்த பிறகு, குரக்கன் கூழ் வறியவர் உணவு என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றிவிட்டது. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. நகரத்து இதழ்கள் இப்போது அதைப் பெரிய கண்டுபிடிப்புப் போலப் படத்தோடு போடுகின்றன. எங்கள் பாட்டிமார் சிரிப்பார்கள்.

மருத்துவக் குறிப்புகளுக்குச் சற்றுக் கூடுதலான கவனம் வேண்டும். சளிக்குத் துளசி, வாய்வுக்கு ஓமம் என்பவற்றால் கெடுதி இல்லை. ஆனால் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் கைவைத்தியப் பத்தியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஜீவனி இருந்தால் பைக்கற்றில் உள்ளபடி கரைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும், மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து கண்கள் குழிவிழுந்தாலோ உடனே வைத்தியசாலைக்குத்தான்.

இதழ்களில் வரும் சட்டக் கேள்வி பதில்களே எமது பெண்களுக்கு மிகவும் பயன்படக்கூடியவை. அவர்களைத் தவறான வழியில் விடக்கூடியவையும் அவையே. கேட்பவர் மதுரையில் இருப்பார், பதில் சொல்பவர் இந்தியச் சட்டத்தைச் சொல்வார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு என்று அங்கே வாசித்திருப்பீர்கள். அது தமிழ்நாட்டில் 1989 இலும் இந்தியா முழுவதற்குமாக 2005 இலும் செய்யப்பட்ட திருத்தங்களால் இந்துக்களுக்குக் கிடைத்த உரிமை. பாக்குநீரிணையைத் தாண்டி அது வராது.

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டு. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்த வழமை அது. அதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். இதன்படி, தாய் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி மனைவியின் பெயரில் இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர் அதை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை உறுதி எழுதவோ முடியாது. மரணசாதனம் மட்டும் எழுதலாம். கணவன் எங்கே என்று தெரியாத பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். காணி அவருடையது, உறுதியும் அவர் பெயரில், கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை.

இதற்கு வழி அதே சட்டத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். காணாமற்போனவர் விடயத்தில் இன்னொரு வழியும் பின்னர் வந்தது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இறப்பைப் பதிவதற்கே இடம் தந்தது. "இறந்துவிட்டார் என்று எப்படி நான் கையொப்பம் வைப்பேன்?" என்று எத்தனையோ பெண்கள் மறுத்தார்கள், அவர்கள் மறுத்தது சரியே. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம், இறப்பைச் சொல்லாமல் 'காணப்படாமைச் சான்றிதழ்' பெற வழி செய்தது. மாவட்ட நீதிமன்றங்களை அண்டியுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகங்களில் வசதி குறைந்தோர் ஆலோசனை பெறலாம். போகும்போது உறுதி, விவாகப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு போங்கள். சென்னை இதழின் பதிலை வெட்டிக்கொண்டு போய்ப் பயனில்லை; ஆனால் அந்தப் பதில்தான் "எனக்கும் இப்படி ஒரு உரிமை இருக்குமோ?" என்ற கேள்வியை ஒரு பெண்ணிடம் எழுப்பியது என்றால், அந்த இதழின் விலைக்கு அது போதும்.

விளம்பரங்களைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைத் தோலே வாழ்வு என்று 1975 முதல் விற்கப்பட்ட 'பெயார் அன்ட் லவ்லி' என்ற களிம்பு, உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் 2020 இல் 'பெயார்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. வெயிலில் நாற்று நட்டுக் கறுத்த கைகளுக்கு இந்தச் செய்தியை வாசித்துக் காட்டுங்கள்.

தொடர்கதையை நான் குறை சொல்லப் போவதில்லை. கத்தி ஓங்கியபடியே 'தொடரும்' போடுவது விற்பனைத் தந்திரந்தான். என்றாலும் ஒரு முகாம் வரிசையில் அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று காத்திருக்க ஒரு விடயம் இருப்பது சிறிய ஆறுதல் அல்ல. 'லக்ஷ்மி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி வைத்தியர். மருத்துவம் படிக்கும்போதே படிப்புச் செலவுக்காகக் கதை எழுதத் தொடங்கியவர். 1984 இல் சாகித்திய அக்காதமிப் பரிசும் பெற்றார். இன்னொரு பக்கம், பெண் பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 'சுஜாதா' ஓர் ஆண். மனைவியின் பெயரில் எழுதினார். கதையில் அடி வாங்கும் மனைவி கடைசிப் பக்கத்தில் காலில் விழுகிறாளா என்று கவனியுங்கள். விழுந்தால், அந்த முடிவை மாற்றிச் சொல்லும்படி கூடியிருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் முடிவு பெரும்பாலும் அச்சில் உள்ளதைவிட நன்றாயிருக்கும்.

ஒரு பிரதியை வைத்துப் பத்துப் பேர் வாசிக்கலாம். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கச்சான் உடைக்கலாம், பாய் இழைக்கலாம். எழுத்துத் தெரியாதவர் வெட்கப்பட்டுத் தள்ளி இருக்க வேண்டியதில்லை. வாசித்து முடிந்ததும் இதழுக்கோ எமது சஞ்சிகைக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள்: குறிப்பில் எது பிழை, எது எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது, எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று. எழுதப் பழகாதவர் சொல்லச் சொல்லப் பழகியவர் எழுதட்டும். 1925 முதல் 'ஜகன்மோகினி' என்ற மாத இதழைப் பல ஆண்டுகள் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் போகாதவர். அவர் தமது முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார்.