வெயிலும் இடியும் தாங்கும் சுவிட்ச்

ஒரு கேபிளில் வரும் தகவலை, அது போய்ச் சேரவேண்டிய கருவிக்கு மட்டும் அனுப்பிவைப்பது ஈதர்நெட் சுவிட்சின் வேலை. அலுவலக மேசைக்கு அடியில் கிடக்கும் சுவிட்சும் தொழிற்சாலைப் பேனலுக்குள் இருக்கும் சுவிட்சும் இதில் ஒன்றுதான். இருக்கும் இடம்தான் வேறு. விலை ஏறுவதும் அந்த இடத்துக்காகத்தான்.

கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அங்குள்ள கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்காலைகளில் உலைக்குப் பக்கத்துப் பேனலுக்குள் சூடு இன்னும் ஏறும். சாதாரண சுவிட்சுகள் பலவற்றுக்கு அந்த 40 டிகிரியே எல்லை. தொழிற்சாலைக்கென்று செய்தவற்றில் பல, மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும். அவற்றில் மின்விசிறி இருக்காது. விசிறி காற்றோடு இரும்புத் தூசியையும் உள்ளே இழுக்கும். முதலில் பழுதாவதும் அதுதான். வரிவரியான உலோக உடம்பே சூட்டை வெளியேற்றிவிடும். முதுகில் உள்ள கிளிப்பை பேனலில் உள்ள 35 மில்லிமீட்டர் உலோகப் பட்டையில் (டின் ரயில்) அழுத்தினால் சுவிட்ச் பேனலில் உட்கார்ந்துவிடும். 24 வோல்ட் டிசி மின்சாரத்துக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று போனால் மற்றது தாங்கும், உள்ளே இருக்கும் ரிலே அலாரத்தை அடிக்கும்.

மூணாறு தேயிலை ஆலைகளில் ஈரம்தான் எதிரி. அங்கே சர்க்யூட் போர்டில் ஈரம் தடுக்கும் மேல்பூச்சு பூசிய சுவிட்ச் தேவை.

இடுக்கியில் கதை வேறு. நாடுகாணி மலையைக் குடைந்து அமைத்த மூலமற்றம் மின்நிலையம் 1976இல் தொடங்கியது. 130 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு, மொத்தம் 780 மெகாவாட். இத்தகைய மின்நிலையங்களில் ஜெனரேட்டர், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், மழைக்கால இடி மின்னல் எல்லாம் செம்புக் கேபிளில் வேண்டாத மின்னழுத்தத்தைத் தூண்டும். செம்புக்கு 100 மீட்டர் என்ற வரம்பும் உண்டு. ஒளியில் தகவல் அனுப்பும் ஃபைபருக்கு இரண்டு தொல்லையும் இல்லை. அதனால் ஃபைபர் மாட்டும் எஸ்.எஃப்.பி. துளைகள் இந்த சுவிட்சுகளில் இருக்கும். மின்நிலையத்துக்கு வாங்கும் சுவிட்ச் ஐ.இ.சி. 61850-3 தரச் சோதனையில் தேறியிருக்க வேண்டும்.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும்? சுவிட்சுகளை வளையமாக இணைப்பதே இதற்கு வழி. ஆனால் முழு வளையத்தில் ஒரே தகவல் ஓயாமல் சுற்றி வலையையே முடக்கிவிடும். ஆகவே ஓர் இணைப்பை வேண்டுமென்றே அடைத்துவைப்பார்கள். வேறெங்காவது அறுந்தால் அது தானாகத் திறக்கும். பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் இதற்கு 30 விநாடிக்கு மேலும் ஆகலாம். ஓடும் உருட்டாலைக்கு அது ஒரு யுகம். எம்.ஆர்.பி. முறை, 50 சுவிட்ச் உள்ள வளையத்தையும் 200 மில்லி விநாடிக்குள் மீட்கும். பிரேக்கருக்குப் போகும் கட்டளைக்கு அந்த நேரமும் அதிகம். அங்கே பி.ஆர்.பி. முறையில் ஒரே தகவல் இரண்டு தனித்தனி வலைகளில் ஒரே சமயம் போகும். ஒன்று அறுந்தாலும் காத்திருப்பே இல்லை.

வளையத்தை இப்படி மீட்கும் வசதி, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய ‘மேனேஜ்டு’ வகைக்குத்தான். கண்காணிப்புக் கேமராவின் படங்கள் இயந்திரக் கட்டளைகளோடு மோதாமல், ஒரே வலையைத் தனித்தனி வலைகளாக்கும் விலேன் போட்டுப் பிரிப்பதும் அதில்தான் முடியும். பொருத்திய அன்றே கம்பெனி தந்த பாஸ்வேர்டை மாற்றி, பயன்படாத போர்ட்டுகளை முடக்கிவிட வேண்டும்.